முதலாளியின் பந்து நேராகப் போன நாள்

எங்கள் கம்பெனி மெத்தை தயாரிக்கிறது. நல்ல மெத்தை என்றால் படுத்திருப்பவரை எங்கேயும் உறுத்தக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் பதினான்கு மேலாளர்கள் இருந்தோம். அந்தத் தரப் பரிசோதனையில் பதினான்கு பேருமே தேறியவர்கள். நான் பராமரிப்பு மேலாளர். கொதிகலன், லிஃப்ட், ஒழுகும் கூரை, அடைத்துக்கொள்ளும் கழிவறை எல்லாம் என் தலையில். இவற்றோடு முதலாளி அடிக்கும் கோல்ஃப் பந்து எங்கே விழ வேண்டும் என்பதும் என் பொறுப்பாகவே இருந்தது. இது எந்த உத்தரவிலும் எழுதப்படவில்லை. ஆனால் என் வேலைகளிலேயே நான் ஒழுங்காகச் செய்தது இது ஒன்றைத்தான்.

தொழிற்சாலைக்குப் பின்னால் இருநூற்றைம்பது கெஜ நீளத்துக்குக் காலி நிலம். அதன் கடைசியில் ஒரு சிவப்புக் கொடி. இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதற்குள் பச்சை ரப்பர் விரிப்பு, விரிப்பில் பந்தை வைக்க ஒரு ரப்பர் முளை. தினமும் காலை எட்டு மணிக்கு முதலாளி அங்கே நின்று பத்துப் பந்து அடிப்பார். கோல்ஃபில் பல அளவு மட்டைகள் உண்டு. அவர் தொடுவது டிரைவரை மட்டும்தான். இருப்பதிலேயே நீளமானது, தலை பெருத்தது, பந்தை அதிக தூரம் அனுப்புவது. மற்ற மட்டைகளெல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு என்பது அவர் கருத்து.

தூரத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. திசைதான் தகராறு. பந்து நேராகக் கிளம்பும், பாதி வழியில் மனம் மாறி வலது பக்கம் வளையும், மதிலைத் தாண்டிப் பக்கத்திலிருந்த பழைய கார் விற்கும் இடத்தில் போய் விழும். ஒருநாள் அந்தக் கார்க்காரர் கையில் பந்தோடும் வாயில் வசவோடும் வந்தார். முதலாளி எங்களைத் திரும்பிப் பார்த்தார். விற்பனை மேலாளர், காற்று சார், என்றார். முதலாளி எதைச் சொன்னாலும் அதன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது அவர் வழக்கம் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு எதிரொலி என்று பெயர். அவராகவே ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். மற்ற பதின்மூன்று பேரும் காற்று காற்று என்று தலையாட்டினோம். அங்கே ஒரு இலைகூட அசையவில்லை.

மதிலை இன்னும் பத்தடி உயர்த்தச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. அஸ்திவாரம் தாங்காது. அதைப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமும் கிடையாது. மறுநாள் ஏழு மணிக்கே போய் விரிப்பை நான்கு விரற்கடை இடது பக்கம் திருப்பி வைத்தேன். முதலாளி வழக்கம்போல் விரிப்பின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து நின்றார், வழக்கம்போல் அடித்தார். பந்து இடது பக்கம் கிளம்பி, வழக்கம்போல் மனம் மாறி, வலது பக்கம் வளைந்து வந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்று அவர் பதினொரு கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் கம்பி அனுமதியும் அதில் ஒன்று.

விஷயம் தெரிந்த பிறகு மற்ற மேலாளர்கள் என்னை விடுவார்களா? விடுப்பு கேட்கப் போகிறவர், பதவி உயர்வு கேட்கப் போகிறவர் எல்லாரும் முதல் நாள் சாயங்காலமே என் அறைக்கு வந்து, நாளைக்கு விரிப்பைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க, என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் தீனி போட்டால் எதுவும் வளரும். வருடத்துக்கு வருடம் பந்தின் வளைவு கூடியது, நானும் கூடக் கூடத் திருப்பினேன். மூன்றாம் வருடம் விரிப்பும் தரைப் பலகையும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பது குருடனுக்கும் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. பலகையைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டேன். ஐந்தாம் வருடம் முதலாளி ஒரு மாதம் வெளிநாடு போயிருந்தபோது ரிப்பேர் என்ற பெயரில் கொட்டகையையே பிரித்துப் புது இடத்தில் தூண் நட்டு, கோணலாகக் கட்டினேன். விரிப்பு, பலகை, தூண், கூரை எல்லாம் ஒற்றுமையாக இடது பக்கத்துக் கொதிகலன் அறையைப் பார்த்தன. கொடி வலது தூணுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. ஊர் திரும்பிய முதலாளி உள்ளே நின்று பார்த்துவிட்டு, இப்போது நல்ல காற்றோட்டம் என்றார். எதிரொலி, காற்றோட்டம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி போகும் நிஜ கோல்ஃப் மைதானத்தில் கொட்டகை கட்ட எனக்கு அனுமதி கிடையாது. அங்கே பந்து மரங்களுக்குள் போனால், மைதானத்தையே கோணலாகப் போட்டிருக்கிறார்கள் என்று வந்து சொல்வார். எங்களுக்கும் மைதானத்தின்மேல் கோபம் வரும். இப்படியே போயிருக்கும். நாற்பது தங்கும் விடுதிகள் வைத்திருந்த ஒருவர், எல்லாக் கட்டிலுக்கும் மெத்தை மாற்றப்போவதாகச் சொல்லி, வாங்களேன், விளையாடிக்கொண்டே பேசலாம் என்று இவரைக் கூப்பிட்டார். ஏழு பந்து ஏரிக்குள் போயிற்று. ஏழாவது பந்துக்கு விடுதிக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஆடலாம், மெத்தையைப் பற்றி அப்போது பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை முதலாளி எங்களைக் கூட்டி, தனக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்றார். தனக்கு ஏதோ தெரியாது என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று புரியாமல் பதினான்கு பேரும் திருதிருவென விழித்தோம்.

இதை வீட்டில் வந்து சொன்னது என் நாக்கில் இருந்த சனி. என் மருமகள் ஒன்பது வருடம் ஒரு கோல்ஃப் கிளப்பில் பயிற்சியாளராக இருந்தவள். கிளப்பை மூடி அடுக்குமாடி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மகன் கப்பலில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கரை. இவள் நான்கு மாதமாக எங்களோடு இருந்து, விண்ணப்பம் போடுவதும் பால்கனியில் துடைப்பக் கட்டையை வீசிப் பார்ப்பதுமாக இருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஊரார் வீட்டுக் குழாய் அடைப்பெல்லாம் எடுக்கத் தெரியுது. வீட்டுப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னா மட்டும் உங்க வாய் அடைச்சுக்குமா?"

சொன்னேன். மூன்று மாதத் தற்காலிக வேலை. பிடித்திருந்தால் கம்பெனியின் விளையாட்டுப் பிரிவில் நிரந்தரம் என்றார்கள். அவள் அன்றைக்கு வீட்டுக்குள் நடந்த நடையே வேறு மாதிரி இருந்தது. நான் கோணல் கொட்டகையை நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் முதலாளி பத்துப் பந்து அடித்தார். எட்டு கொடிக்குப் பக்கத்தில் விழுந்தன. நாங்கள் கை தட்டினோம். அவள் தட்டவில்லை. ஒரு நீளமான குச்சியை எடுத்து விரிப்பின் கோட்டை ஒட்டிப் படுக்க வைத்தாள், அது எங்கே காட்டுகிறது என்று பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம் தன்மையாகவே சொன்னாள்.

"சார், உங்க பந்து வலது பக்கம் ரொம்ப வளையுது. சரி பண்ணிடலாம். பயப்படற விஷயம் இல்ல."

எதிரொலிக்கு இருமல் வந்துவிட்டது. ஆறு வருடமாக நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து மூடி வைத்ததை அவள் ஒரு மூச்சில் திறந்துவிட்டாள். முதலாளி அவளையே பார்த்தார். ஏரியும் அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சரி, சொல்லும்மா, என்றார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் என்னிடம் கேட்டாள்: "மாமா, அந்தக் கொட்டகை ஏன் அவ்வளவு கோணலா இருக்கு?" கட்டியவன் குடிகாரன் என்றேன். நானே கட்டியது. அப்படியானால் நாளைக்கே நிமிர்த்திவிடலாமே என்றாள். அனுமதி வாங்க வேண்டும், கோப்பு போட வேண்டும், நாளாகும் என்று பூசி மெழுகினேன். பரவாயில்லை, அதுவரை வெளியில் வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று விட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து கொட்டகைக்கு வெளியே, திறந்த வெயிலில், கொடிக்கு நேராக ஒரு விரிப்பு. அவள் சொல்லிக்கொடுத்ததை நான் தள்ளி நின்று பார்ப்பேன். டிரைவருக்குப் பந்து முளையில் உயரமாக இருக்க வேண்டும், இடது குதிகாலுக்கு நேராக இருக்க வேண்டும். கால்களை அகட்டி, வலது தோளைச் சற்றே இறக்கி நிற்க வேண்டும். பந்தைத் தரையோடு அறையக் கூடாது, மட்டை மேலே ஏறும்போது அள்ளிக்கொண்டு போக வேண்டும். முதலாளி மட்டையை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக இழுத்தார். அதுதான் வளைவுக்குக் காரணம் என்றாள். இடது பக்கம் பார்த்து நிற்க நிற்க அந்தக் குறுக்கு இழுப்பு இன்னும் கூடும், யாரோ இவரைப் பல வருடமாக இப்படி நிற்க வைத்துக் கெடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். நான் கொதிகலனைப் பார்க்கப் போய்விட்டேன்.

எங்கள் கிடங்கிலிருந்தே ஒரு மெத்தைத் துண்டை வெட்டி எடுத்துப் பந்துக்கு வெளிப்பக்கம் நிறுத்தி வைத்தாள். மட்டை குறுக்கே வந்தால் முதலில் மெத்தையில் படும். முதல் வாரம் முதலாளி அடித்தது முழுக்க மெத்தையைத்தான். அக்குளில் ஒரு கைத்துண்டை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் வீசச் சொன்னாள். விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். எங்கள் முதலாளி குனிந்து எதையாவது எடுத்து நான் பார்த்தது அப்போதுதான். இரண்டாவது, மூன்றாவது வாரமும் கொடிப் பக்கமே பந்து போகவில்லை. கையெழுத்து நின்றுபோனது. விடுப்பு விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொருவராக என் அறைக்கு வந்து, உங்க மருமக எங்க எல்லார் பொழப்பிலயும் மண்ணைப் போடறா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளோ விடவில்லை. முதலாளி கோபித்துக்கொண்டால் கோபம் தணியும்வரை நிற்பாள், பிறகு, இன்னொரு தடவை சார், என்பாள். ஏழாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, அவர்கள் இருவரும் தள்ளி நின்ற நானும் மட்டும் இருந்தபோது, அவர் அடித்த பந்து நூல் பிடித்த மாதிரி போய்க் கொடியையும் தாண்டி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அடுத்ததும். முதலாளி மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிறு பையன்போல் நின்றார். அவளைப் பார்த்து, "நிஜமாவே நான்தானா அடிச்சேன்?" என்று கேட்டார். உள்ளபடி சொன்னால், எனக்கு அந்த ஆளை முதல் தடவையாகப் பிடித்தது.

திங்கட்கிழமை எல்லா மேலாளர்களும் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். சனிக்கிழமை காலை மருமகள் என்னிடம், "மாமா, மழை வர்ற மாதிரி இருக்கு. திங்கக்கிழமை உள்ளே நிக்க வேண்டி வந்தாலும் வரும். அதுக்குள்ள கொட்டகையை நிமிர்த்தி வெச்சுடுங்க. என் வேலையே அதுலதான் இருக்கு," என்றாள். ஆகட்டும்மா, நான் பார்த்துக்கறேன், என்றேன். அவள் அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மாமா சொன்னால் செய்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள்.

இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் முதல் போல்டைக் கழற்றவும் செய்தேன். எதிரொலி எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை நேராகப் போனது என்னவோ குருட்டாம்போக்கு, பதினான்கு பேர் முன்னால் நின்றதும் கை பழைய மாதிரி இழுக்கும், கொட்டகை நிமிர்ந்திருந்தால் பந்து கார்க்காரர் கண்ணாடிக்குப் போகும், அப்புறம் நீங்களும் நானும் வீட்டுக்குப் போவோம் என்றார். எனக்கு ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். அவர் சொல்லி முடித்ததும் அப்பாடா என்றுதான் இருந்தது. போல்டை முன்னைவிட இறுக்கமாக முடுக்கச் சொன்னேன். முதலாளி எந்தத் தப்பைச் செய்தாலும் தாங்க எங்களிடம் ஏற்பாடு இருந்தது. அவர் சரியாகச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை தூறியது. முதலாளி புதுக் காலணியோடு நேராகக் கொட்டகைக்குள் போய் நின்றார். நாங்கள் குடை பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். மருமகள் வந்து தூணைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். "சார், இங்க வேண்டாம், வெளியவே அடிச்சுடலாம்," என்றாள். மழையில் எதற்கு என்று சொல்லிவிட்டு முதலாளி வெள்ளைக் கோட்டைப் பார்த்து நின்றார். இடது குதிகாலுக்கு நேராகப் பந்து. வலது தோள் இறங்கியது. மட்டை நிதானமாகப் பின்னால் போனது, அள்ளிக்கொண்டு வந்தது. அவ்வளவு அழகாக அவர் என்றைக்கும் அடித்ததில்லை. பந்து கொஞ்சமும் வளையாமல் சீறிக்கொண்டு போய்க் கொதிகலன் அறை ஜன்னலை உடைத்தது.

இரண்டாவது பந்து அதே ஜன்னலின் அடுத்த கண்ணாடி. மூன்றாவதற்குக் கண்ணாடி மிச்சமில்லை; உள்ளே போய் இரும்பில் பட்டு டங்கென்றது. கொதிகலன்காரர் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். முதலாளியின் முகம் கறுத்தது. வெள்ளிக்கிழமை சரியாகப் போயிற்றே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதிரொலி ஓரடி முன்னால் வந்து, வெள்ளிக்கிழமை காற்று சரிசெய்திருக்கும் சார், என்றார். உங்கள் பழைய வீச்சுக்கு என்ன குறைச்சல், அதைப் போய்க் கெடுத்துவிட்டார்கள் என்றார். கெடுத்துவிட்டார்கள் என்று பின்னால் நாலு குடைகள் சொல்லின.

மருமகள் உள்ளே போய்க் குச்சியைத் தரையில் படுக்க வைத்தாள்.

"நீங்க அடிச்சது ரொம்ப சரி சார். மூணு பந்தும் நீங்க பார்த்து நின்ன இடத்துக்கே போச்சு. இந்தக் கொட்டகைதான் கோணல். நீங்களே குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் குனியவில்லை. பதினான்கு மேலாளர்கள் முன்னால் எப்படிக் குனிவார்? என் பக்கம் திரும்பினார்.

"கட்டினது நீங்க. அதோட உங்க மருமக. நீங்களே சொல்லுங்க, கொட்டகை கோணலா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமே இல்லை அவள் முகத்தில். தெரிந்தவர் சாட்சி சொல்லப் போகிறார் என்ற நிம்மதிதான் இருந்தது. ஆமாம் என்று மூன்றெழுத்து. ஆறு வருடமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

"நேராத்தான் சார் இருக்கு," என்றேன்.

அவள் குச்சியை எடுத்துப் பையில் வைத்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னதற்கு, சரி சார், என்றாள். போகும்போது அந்த மெத்தைத் துண்டை மட்டும் மழையில் நனையாமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அவள் வாசலைத் தாண்டியதும் முதலாளி நான்காவது பந்தை வைத்து, பழையபடி குறுக்கே இழுத்து அடித்தார். அது வளைந்து வந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. குடைகளைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மதியத்துக்குள் ஒன்பது கோப்புகளில் கையெழுத்தாயிற்று.

சாயங்காலம் வழக்கமான பேருந்தை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மனைவி கத்தியே தீர்த்துவிடுவாள். கத்தட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மருமகளிடம்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஓய்வு, ஐந்து மாதம், வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் கேட்கும்படியாக இல்லை. வெட்கமாக இருந்தது. நடந்தே போனேன்.

கதவைத் திறந்த மனைவி கத்தவில்லை. என் பையை வாங்கிக்கொண்டாள், துவட்டிக்கொள்ளத் துண்டு கொண்டுவந்து தந்தாள், உட்காருங்க என்றாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் இந்தக் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

"அவ எல்லாம் சொன்னா. அத்தனை பேர் முன்னாடியும் முதலாளிகிட்ட அவளுக்காகச் சண்டை போட்டீங்களாமே. அவர்தான் கேக்கலையாம். வேலை போனா போகுது விடுங்க. மாமா இவ்வளவு பேசுவாங்கன்னு நினைக்கவே இல்ல அத்தைன்னு சொன்னா."

சமையலறையில் மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. உடம்புக்கு முடியாதவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு குனிந்து நறுக்க ஆரம்பித்தாள்.

"நிஜமாவா பேசினீங்க?" என்று மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏதோ, என்னால முடிஞ்சதச் சொன்னேன்," என்றேன்.